ஆயுதமில்லாத மொட்டை மாடி

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு மொட்டை மாடியில் அள்ளிய புறா எச்சம் இரண்டு முறம். நேற்றுவரை ஒரு முறம்தான். காரணம் கடைசி மாடிக் கிழக்கு வீட்டுப் பல் டாக்டர். தன் வீட்டுக்கு மேலே உட்காருகிற புறாக்களை விரட்ட, பச்சை ஒளி அடிக்கிற லேசர் பெட்டி ஒன்றை வாங்கிக் கைப்பிடிச் சுவரில் பொருத்திவிட்டார். புறாக்கள் ஊரை விட்டா போகும்? பத்தடி நகர்ந்து, மேற்கு வீட்டுப் பைப் கடைக்காரர் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டன. கோபம் வந்தால் அதிகமாகக் கழிக்குமோ என்னவோ.

"ஏன் டாக்டரே, அதுங்களுக்குப் பல்லே கிடையாதே, அதுங்க மேல உங்களுக்கு என்ன கோபம்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாசக் கடைசியில் சுற்றுச்சூழல் தரச் சான்றிதழுக்கு ஆள் வருகிறதாம். காற்று, சத்தம், வெளிச்சம், ஈரம் எல்லாம் அளந்து மார்க் போடுவார்களாம். சான்றிதழ் கிடைத்தால் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் விலை ஏறுமாம்.

எங்களுக்கு விலையும் இல்லை, மார்க்கும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரூம், ஒரு ஜன்னல். நான் பெருக்குகிறேன், என் வீட்டுக்காரர் மோட்டார் போடுகிறார். அதற்காகப் பதினொரு வருஷமாக அந்த ரூம்.

மார்ச் 5

பைப் கடைக்காரர் சும்மா இருப்பாரா? எது அசைந்தாலும் தானே திரும்பித் தண்ணீர் பீய்ச்சுகிற பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். முதலில் அசைந்தது என் வீட்டுக்காரர். சொட்டச் சொட்ட வந்து நின்றார். "பரவாயில்லை, இந்த வாரக் குளியல் முடிஞ்சுது" என்றேன். துண்டை என் மேலே விட்டெறிந்தார்.

மார்ச் 6

புறாக்கள் இப்போது நடுவில். அதாவது எங்கள் ரூம் மேலே.

மார்ச் 9, திங்கள்

கீழ் வீட்டு ஐயா மேலே ஏறி வந்தார், மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி. 'விண்வெளியில் ஆயுதம் வைக்கக் கூடாது' என்று முப்பது வருஷம் நாடு நாடாகப் போய்ப் பேசிய உத்தியோகம் அவருக்கு. லேசரைப் பார்த்தார். பீரங்கியைப் பார்த்தார். முகம் மாப்பிள்ளை முகமாகிவிட்டது.

"இது மொட்டை மாடி இல்லம்மா, இதுதான் விண்வெளி. யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. ஒரு ஒப்பந்தம் போட்டுடலாம்."

"இதுவரைக்கும் எத்தனை ஒப்பந்தம் போட்டிருக்கீங்க ஐயா?"

"நான் போன பேச்சுவார்த்தை ஒண்ணும் முடியலைம்மா" என்றார், சாதாரணமாக.

என் வாய் இருக்கிறதே!

மார்ச் 12

பேச்சுவார்த்தை, எங்கள் ரூம் வாசலில். ஆயுதம் என்றால் எது என்பதிலேயே மூன்று மணி நேரம் போயிற்று. லேசர் வெறும் விளக்கு என்கிறார் டாக்டர். பீரங்கி செடிக்குத் தண்ணீர் விடுவதற்கு என்கிறார் பைப் கடைக்காரர். மாடியில் ஒரு செடி கிடையாது. "வைக்கப்போறேன்" என்கிறார்.

ஆகாயத்திலும் இதே கதைதானாம். ரிப்பேர் பார்க்கிற செயற்கைக்கோளுக்குப் பக்கத்திலிருப்பதைப் பிடித்துத் தள்ளவும் தெரியுமாம். பொருளை வைத்து ஆயுதமா என்று சொல்ல முடியாது, செய்கையை வைத்துத்தான் சொல்லணும் என்றார் ஐயா.

"அப்ப அந்த விளக்குமாறு?" என் கையைக் காட்டினார் டாக்டர்.

"இது ரெண்டுக்கும் ஆகும் டாக்டரே. சந்தேகமா இருந்தா என் வீட்டுக்காரரைக் கேளுங்க."

ஐயா அதையும் எழுதிக்கொண்டார்.

மார்ச் 14

பைப் கடைக்காரர் தன் பலத்தைக் காட்டுகிறேன் என்று, தன்னுடைய பழைய டிவி டிஷ்ஷையே பீரங்கியால் அடித்து வீழ்த்தினார். துருப்பிடித்த டிஷ், சில்லு சில்லாகப் பறந்தது. ஒரு சில்லு டாக்டர் பால்கனியில். ஒன்று கடைக்காரருடைய சொந்த ஏசியில். ஒன்று கீழே ஐயாவின் சாப்பாட்டுத் தட்டில்.

"என்னோடதைத்தானே உடைச்சேன்? யாருக்கு என்ன வந்துச்சு?"

ஐயா அந்தச் சில்லோடு ஓடி வந்தார், ஓரிடத்திலும் நிற்காமல். "சொந்தச் செயற்கைக்கோளை உடைச்சுட்டு இதையேதான் அங்கேயும் சொன்னாங்க! இதே மாதிரி!" மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மீசையில் சோறு.

மார்ச் 17

ஒப்பந்தத்தை யாராவது கண்காணிக்கணுமாம். டாக்டர் சொன்ன ஆளைக் கடைக்காரர் நம்பவில்லை, கடைக்காரர் சொன்ன ஆளை டாக்டர் நம்பவில்லை. கடைசியில் "அக்கா இருக்கட்டும், அவங்கதான் ரெண்டு பேரையும் சமமா கிண்டல் பண்றாங்க" என்றார் கடைக்காரர். ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள் இப்போது ஆய்வாளர்!

"இனிமே என்னை மேடம்னு கூப்பிடணும்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"மேடம், டீ" என்றார்.

மார்ச் 20

கையெழுத்தானது. நான் மூன்று எண்ண, லேசரையும் பீரங்கியையும் ஒரே நேரத்தில் கழற்றினார்கள். ஐயா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். பிறகு சத்தமாக வாசித்தார். நான்காவது வரி: மாடியின் எந்தப் பகுதியையும் யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது, எதையும், யாரையும் அங்கே நிரந்தரமாக நிறுத்தக் கூடாது.

"அப்ப இவங்க ரூம்?"

கேட்டது டாக்டர். கெட்ட எண்ணமில்லை, படித்த மனுஷன், சந்தேகம் வந்துவிட்டது. எல்லாரும் திரும்பி ரூமைப் பார்த்தார்கள். அது அங்கேயேதான் இருந்தது. நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 21

ஐயா கண்ணெல்லாம் சிவப்பு. ஒரு வரியைத் தொட்டால் மற்ற வரியும் பிய்ந்துவிடும், இரண்டு பேரும் மறுபடி இயந்திரத்தை மாட்டிவிடுவார்கள் என்கிறார். எங்களுக்குப் பத்து நாள் அவகாசம். விதிமீறலை எழுதிக்கொடுக்க வேண்டியது ஆய்வாளர். அதாவது நான்.

எழுதினேன்: 'ஒரு ரூம். இரண்டு ஆள். ஒரு ஸ்டவ். ஆயுதம், முன்பே சொன்ன விளக்குமாறு.' வாங்கிப் படித்து, சரிதான் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அடப்பாவிங்களா, அது கிண்டலுய்யா!

பதினொரு வருஷம் — எங்கே போறது? இவரு வாயே திறக்கமாட்டேங்கறாரு. பேசினாத்தானே நானும் திட்ட முடியும்?

மார்ச் 25

மூன்று ரூம் பார்த்தோம். ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குளியலறை. "காத்து வருமா?" என்று கேட்டேன். "காத்து எதுக்கும்மா, ஃபேன் இருக்கே" என்றார் புரோக்கர்.

மூன்றாவது ரூமில் நின்றுகொண்டு, "ஏதாவது கிண்டல் பண்ணேன்" என்றார் என் வீட்டுக்காரர். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 30

அளக்கிற பெண் வந்தாள், பெட்டி நிறைய மீட்டரோடு. டாக்டர் வீட்டில் மருந்து நெடி: ஃபெயில். பைப் கடைக்காரர் வீட்டில் பீரங்கித் தண்ணீர் இறங்கிச் சுவரெல்லாம் ஈரம்: ஃபெயில். ஐயா வீட்டில் வெளிச்சம் போதாது. நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ரூமுக்குள்ளும் வந்தாள். ஆள் குடியிருக்கிற இடம் எல்லாவற்றையும் அளக்கணுமாம். அளந்தாள். மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி அளந்தாள்.

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

கட்டடத்தில் ஒரு வீடாவது எண்பதைத் தாண்டினால் சான்றிதழ் உண்டாம். தாண்டியது இது ஒன்றுதான். ஆனால் இதில் ஆள் குடியிருந்துகொண்டே இருக்கணும். நினைத்தபோது வந்து பார்ப்பாளாம். காலியாக இருந்தால் சான்றிதழ் ரத்து.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த மூட்டையை டாக்டர் வாங்கி, தானே அவிழ்க்க ஆரம்பித்தார்.

"யோசிச்சுப் பார்த்தா இந்த ரூம் எங்க மேற்குப் பக்கம்தான் வருது" என்றார் கடைக்காரர்.

"தொட்டி கிழக்கு. அப்ப ரூமும் கிழக்கு" என்றார் டாக்டர், மூட்டையை விடாமல்.

ஐயா நான்காவது வரியில் விரலை வைத்து இருவருக்கும் காட்டினார். யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது.

ஏப்ரல் 2

ஒரே ஒரு திருத்தம். எங்கள் ரூம் இனிமேல் 'கண்காணிப்பு நிலையம்'. யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது. நாங்களும் ஓர் இரவுக்கு மேல் வெளியே தங்கினால், டாக்டரும் கடைக்காரரும் எழுதிச் சம்மதிக்கணும்.

"ஐயா, இது வீடா, ஜெயிலா?"

"சுற்றுப்பாதைம்மா" என்றார். அந்த மனுஷன் என்னைக் கிண்டல் செய்தது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 19

என் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் போய்வரச் சம்மதம் கேட்டேன். இரண்டு கூட்டம் போட்டார்கள். ரூமில் ஆள் இருந்தாகணும். டாக்டரைத் தனியாக விட்டால் அபகரித்துவிடுவார் என்றார் கடைக்காரர். அவரை விட்டால் பைப் இழுத்துவிடுவார் என்றார் டாக்டர். முடிவு: நாங்கள் திரும்புகிறவரை இருவரும் சேர்ந்தே அங்கே குடியிருப்பது.

ஏப்ரல் 23

அக்கா வீடு. கட்டுப் பிரித்தாயிற்று. என்னைப் பார்த்ததும் "குண்டாயிட்டே" என்றாள். கண் நன்றாகத்தான் தெரிகிறது.

காலையில் ஐயா போன் செய்தார். ஜன்னல் பக்கம் யார் படுப்பது என்பதற்கு ஒரு துணை ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்றாம். முன்னிரவு டாக்டர், பின்னிரவு கடைக்காரர். இரண்டு பேருமே இத்தனை நன்றாகத் தூங்கி வருஷக்கணக்காயிற்றாம். நேற்று அளக்கிற பெண் திடீரென்று வந்து, "இது யார் வீடு?" என்று கேட்டிருக்கிறாள். இருவரும் ஒரே குரலில் எங்களைச் சொன்னார்களாம்.

அக்கா, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேண்டி" என்றாள்.

"முடியாதுக்கா. வீட்டுல ரெண்டு விருந்தாளிங்க இருக்காங்க."