இருவருக்கும் கண் தெரியாத வீட்டுக்கு ஒரு பல்பு

ஜூன் 4, 2007. திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கம்பெனியில் ஏ ஷிப்ட். வாங்க வேண்டியவை: கடுகு, சோப்பு, ஊக்கு.

மூன்று மணிக்கு வீடு வந்ததும் கருகல் நாற்றம். எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குடிசையிலிருந்து. ஓடினேன். பாய் எரிந்துகொண்டிருந்தது. குழந்தை பவித்ராவைத் தூக்கி, மல்லம்மாவையும் கைபிடித்து வெளியே விட்டுவிட்டு, குடத்துத் தண்ணீரை அப்படியே கொட்டினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 

குடிசையில் இருக்கும் நாகராஜ், அவர் மனைவி மல்லம்மா இருவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. அவர் பஸ் ஸ்டாண்டில் ஊதுபத்தி விற்கிறார். மகள் பவித்ராவுக்குப் பத்து மாதம். அவளுக்கு நல்ல பார்வை. மழை மூட்டத்தில் குடிசைக்குள் இருட்டிவிட்டது, பிள்ளை அழுதிருக்கிறாள், மல்லம்மா தடவித் தடவிச் சிம்னி விளக்கை ஏற்றியிருக்கிறாள். தவழ்ந்து வந்த பிள்ளை தட்டிவிட்டாள். விளக்கு வைத்தால் அழுகை நிற்கும் என்று போன வாரம் சொல்லிக் கொடுத்தது நான்தான். அப்போது மல்லம்மா ஆச்சரியமாகக் கேட்டாள்: "இருட்டுக்குக்கூட அழுவாங்களாக்கா?"

இனி அந்த விளக்கு வேண்டாம். குடிசைக்கு ஒரு பல்பு எரிய அரசாங்கத்தில் இலவசமாகக் கரண்டு தருகிறார்களே. நாளை லீவு போட்டாவது போக வேண்டும்.

ஜூன் 5. செவ்வாய்

நாகராஜையும் மல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு ஈ.பி. ஆபீஸ். நீண்ட வரிசை. முன்னால் நின்றவர் திரும்பி விவரம் விசாரித்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாதுங்கறீங்க, அப்பறம் லைட்டு எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. நாகராஜ் நிதானமாகச் சொன்னார்: "எங்களுக்கு இல்லீங்க. பாப்பாவுக்குக் கண்ணு தெரியும்."

அந்த மனிதர் நகர்ந்து நின்று எங்களை முன்னால் விட்டார். அவருக்கு முன்னால் இருந்தவர்களும் வழி விட்டார்கள்.

கிளார்க் பொறுமையானவர். எல்லாம் சரி, இடத்துக்காரர் சம்மதக் கடிதம் மட்டும் வேண்டும் என்றார். நாகராஜ் முகம் விழுந்துவிட்டது. குடிசை இருப்பது உத்தனப்பள்ளி ரெட்டியார் இடத்தில். சுற்றிலும் மனை போடுகிறார்கள். எப்படித் தருவார்?

ஜூன் 7. வியாழன்

வார விடுமுறை. மூவரும் பிள்ளையோடு உத்தனப்பள்ளி பஸ். முழுக்கத் தக்காளிக் கூடை. பவித்ரா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டாள், கூடைக்காரம்மா சிரித்தார்.

ரெட்டியார் எடுத்த எடுப்பில் மறுத்துவிட்டார். "கரண்டு வந்துச்சுன்னா நாளைக்கு எடமே எங்களுதும்பீங்க."

நாகராஜ் எழுந்துவிட்டார். மல்லம்மா எழவில்லை. தெலுங்கில் பேசினாள். இந்தப் பக்கம் வந்த எட்டு வருடத்தில் எனக்கும் தெலுங்கு புரியும் அளவுக்கு வந்துவிட்டது. சொன்னது இவ்வளவுதான்: "நீங்க காலி பண்ணச் சொல்ற அன்னிக்குப் போயிடறோம். நாங்க எப்படி இருப்போம்னு எங்களுக்கே தெரியாது. இவளாவது எங்க மொகத்தப் பார்க்கட்டும்."

உள்ளேயிருந்து, கையெழுத்துப் போடச் சொல்லி ரெட்டியார் மனைவியின் குரல்: "சந்தகம் பெட்டண்டி."

போட்டார். பேனா எழுதவில்லை, உதறி உதறிப் போட்டார். திரும்பும் வழியெல்லாம் மல்லம்மா அந்தக் காகிதத்தை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

ஜூன் 12. செவ்வாய்

பி ஷிப்ட். கால் வலி. மனு ஏற்கப்பட்டது!! லைன்மேன் அடுத்த வாரம் வருவார்.

மல்லம்மாவுக்கு என் வீட்டு ஸ்விட்சில் பயிற்சி. கீழே தட்டினால் வெளிச்சம், மேலே தட்டினால் இருட்டு. இருபது தடவையாவது போட்டு அணைத்தாள். என் வீட்டுக்காரர், "பல்பு பியூஸ் ஆயிடும் தாயே" என்றார்.

ஜூன் 19. செவ்வாய்

சாயங்காலம் லைன்மேன் வந்தார். கம்பி, மீட்டர், பல்பு. ஸ்விட்ச் மல்லம்மாவின் தோள் உயரத்தில். அவளே தட்டினாள்.

"வந்துச்சாக்கா?"

"வந்துருச்சு."

"பாப்பா என்ன பண்றா?" இது நாகராஜ்.

சொல்லிக்கொண்டே இருந்தேன். பல்பைப் பார்க்கிறாள். கண்ணைச் சுருக்குகிறாள். இப்போது உங்களைப் பார்க்கிறாள். இப்போது அம்மாவை. அம்மாவின் மூக்கைப் பிடிக்கப் போகிறாள், பிடித்துவிட்டாள். லைன்மேன் போகாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 20. புதன்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மல்லம்மா கூப்பிட்டாள். "இவ அந்தச் செவுத்துகிட்டப் போயி யார்கூடவோ வெளையாடறாக்கா. யாரு வந்திருக்காங்க?"

எட்டிப் பார்த்தேன். பவித்ரா தன் நிழலைப் பிடிக்கப் பார்க்கிறாள்.

நிழலை எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்து, "வெளிச்சத்த நம்ம ஒடம்பு மறைக்கும். மறைச்ச எடம் நம்ம உருவமாவே செவுத்துல விழும்" என்றேன்.

"எனக்கும் விழுதா?"

"விழுது."

"எவ்ளோ பெருசு?"

"கூரை வரைக்கும்."

மல்லம்மா கையைத் தூக்கி அசைத்தாள். சுவரில் பெரிய கை அசைந்தது. பவித்ரா கெக்கலி கொட்டினாள். "இங்க வாய்யா," என்று மல்லம்மா வாசலில் இருந்த நாகராஜை நோக்கிக் கத்தினாள், "நீயும் வந்து கைய ஆட்டு."