ரப்பர் கிழியாமல்

கீழ்த் திருப்பதி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோபி அண்ணனுக்கு மஞ்சு எழுதுவது. பெங்களூரில் நீங்களும் நளினியும் பாப்பாவும் சுகம்தானே? போனில் பேசினால் உங்கள் நம்பர் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தெரிந்துவிடும். அதனால் இதைப் பலமனேர் தக்காளி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சத்திரங்களுக்கு வெளியே நிற்கும் வேன்களில் கொஞ்ச நாளாகச் சைலன்சர் திருடு போகிறது. உள்ளே இருக்கும் ஏதோ பொடிக்கு நல்ல விலையாம்.

எல்லாம் நீங்களும் அவரும் மெக்கானிக் ஷெட்டில் செய்த குறட்டால் வந்தது. வக்கீலுக்கு இப்படித்தான் விளக்கினேன், சரியா என்று பாருங்கள். நகரியில் மாமனார் எடைக்குப் போட இருந்த விசைத்தறியின் இரும்பைக் கவட்டை போல வளைத்து, பழைய குறட்டின் ஒரு வாயில் வெல்டிங் வைத்தீர்கள். மறு வாய் சைலன்சர் தொங்கும் கம்பியின் முனையில் ஊன்றும், கவட்டை அதில் மாட்டிய ரப்பரைத் தள்ளும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் கிழியாமல் கழன்றுவிடும். மற்ற ஷெட்டுகளில் கத்தியால் அறுத்துவிட்டுப் புது ரப்பரை வண்டிக்காரன் தலையில் கட்டுகிறார்கள். அது பிடிக்காமல்தானே செய்தீர்கள்?

எஸ்.ஐ. ஷெட்டுக்கு வந்து, ரப்பரு கிழியாம எப்டிய்யா கழட்றானுங்க என்று சும்மாதான் கேட்டாராம். இந்த மனுஷன், எங்கிட்ட ஒண்ணு கீது சார், பாருங்க என்று போலீஸ் ஜீப்புக்கு அடியிலேயே படுத்துக் கழற்றிக் காட்டியிருக்கிறார். வெளியே வந்ததும் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

நான் போய்க் கேட்டதற்கு, இவ்ளோ நைசா கழட்றவன் மெக்கானிக் இல்லம்மா, தொங்க என்று தெலுங்கில் திருடனாக்கிவிட்டார் எஸ்.ஐ. ஷெட் ஓனர் கிரண்குமார் அந்தக் குறட்டைப் பார்த்ததே இல்லையாம். தினமும் அதை வைத்துத்தான் அவர் கல்லா நிறைந்தது. திருட்டுச் சைலன்சரை வாங்குகிறவன் யாரென்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் பெரிய ஆள் மாட்டுவான்.

வேலைக்காகச் செய்த குறடு என்று கூட இருந்தவர் வந்து சொன்னால் ஜாமீன் சுலபம் என்கிறார் வக்கீல். எஸ்.ஐ.யும் அதே ஆளைத்தான் தேடுகிறார். வெல்டிங் வச்ச இன்னொருத்தன் எங்க ஒளிஞ்சிக்கினு கீறான் என்று கேட்டுக் கேட்டு அடிக்கிறார்கள். இவர் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கோபிக்குச் சொல்லாத, புள்ளகுட்டிக்காரன் என்றார் என்னிடம்.

வராதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். புதன்கிழமை காலை கோர்ட்டில் நிறுத்துகிறார்களாம். நான் வாசலிலேயே இருப்பேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் தங்கை
மஞ்சு