ஊர் காட்டுகிறவள்

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, படுக்கையிலிருந்தபடியே அக்கா விடுதியை நடத்துகிறாள். கூப்பிட்ட குரலுக்கு ஓட ஓர் ஆள் வேண்டும். அது நான்.

கடல் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. தங்க வருகிறவர்கள் சாவியை வாங்கும்போதே, "இங்க பாக்க என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். "கடல் இருக்கு, பாத்துக்கங்க" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள். எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு வேலை ஓய்ந்ததும் நானே போய் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரப்போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். துவைத்த சட்டைகள் நம் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. அக்கா நடமாட ஆரம்பித்ததும் வந்துவிடுவேன்.

உங்கள் சின்னு


பிப்ரவரி 17

அன்புள்ள சின்னுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கடையில் இருந்தால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் கடைக்கே திரும்பிவிடலாமா என்று இருக்கிறது. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டேன். "அண்ணே, எம்புள்ளைக்கு ஒண்ணு வலது கை" என்றாள் அந்தத் தாய். நல்லவேளை, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மாடி வீட்டுக்காரர், "வீட்டுல எப்ப வராங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். இதோ, இதோ என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே. கடல்காற்று உனக்கு ஒத்துக்கொள்ளாது, தலையை மூடிக்கொண்டு போ.

உன் கடைக்காரன்


மார்ச் 2

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த ஊரைப் பற்றி அக்காவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பழைய சுங்கக் கட்டடத்தில் திமிங்கலத்தின் தாடை எலும்பை வாசல் வளைவு மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். நாம் இருவரும் சேர்ந்தே உள்ளே நுழையலாம். மீன் ஏலக் கூடத்தில் விலை பேசுவதெல்லாம் தலையசைப்பில்தான். தெரியாத்தனமாகத் தலையைச் சொறிந்தேன், ஒரு கூடை மீன் என் தலையில் விழுந்தது. அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கலங்கரை விளக்கத்தின் சுழல் படியில் மூச்சு வாங்கும். ஆனால் மேலே போய்விட்டால் மொத்த ஊரும் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

போன வாரம் ஒரு தம்பதியை இங்கெல்லாம் கூட்டிப்போனேன். அவர்கள் சொல்லி அடுத்த நாள் நாலு பேர் வந்தார்கள். இப்போது பக்கத்து விடுதியிலிருந்தும் வருகிறார்கள். என் வாயிலா இவ்வளவு பேச்சு என்று எனக்கே ஆச்சரியம். நம் வீட்டில் நான் வாய் திறப்பதற்குள் உங்கள் மிஷின் ஓட ஆரம்பித்துவிடும்.

துறைமுகச் சந்தில் ஒருவர் கிளிஞ்சலில் பொத்தான் செய்து விற்கிறார். உங்களுக்காக ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வாருங்களேன். எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

உங்கள் சின்னு


மார்ச் 9

அன்புள்ள சின்னுவுக்கு,

பொத்தான்கள் அழகாக இருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். யாருக்குத் தைப்பது என்று தெரியவில்லை.

அக்கா ஊன்றுகோலோடு சமையலறை வரை வந்துவிட்டாளாமே, அவளே தொலைபேசியில் சொன்னாள். நீ எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதற்கில்லை. ஒரு கல்யாண வீட்டுத் துணி வெட்டினபடி கிடக்கிறது. போதும், கிளம்பி வா.

உன் கடைக்காரன்


மார்ச் 23

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா நடக்கிறாள். மறைக்க நினைக்கவில்லை, எழுதக் கை வரவில்லை.

பேருந்து நிலையத்தில் பயணிகளுக்கான தகவல் அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. நகராட்சி அதைத் திறந்து என்னை உட்கார வைக்கப் பார்க்கிறது. "நீங்க உட்கார மாட்டீங்கன்னு தெரியும், சாவியையாவது வச்சுக்கங்க" என்றார் அதிகாரி. சாவியை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து துணி மடிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். பாதி மனது அங்கே, பாதி இங்கே.

ஒரே ஒருமுறை வந்து பாருங்கள். ஞாயிறுதோறும் காலையில் பேருந்து நிலைய வாசலில்தான் கிளம்புகிறேன். பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே "வா" என்று சொன்னால் கூடவே வந்துவிடுவேன். கடிதத்தில் சொன்னால் கால் எழவில்லை.

உங்கள் சின்னு


ஏப்ரல் 7

அன்புள்ள சின்னுவுக்கு,

நான் வந்தேன்.

முன்கூட்டிச் சொன்னால் நீ அலங்காரமாகப் பேசுவாய் என்று சொல்லாமல் வந்தேன். வாசலில் ஒரு வைக்கோல் தொப்பி வாங்கிப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, உன் கூட்டத்தின் பின்னால் நின்றேன். நீ வேகமாக நடந்தாய். எங்கள் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. ஏலக் கூடத்தில் உன் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் நீ இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் கேட்கவில்லையா, நீ பேசவில்லையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரு அம்மா, "நீங்க இந்த ஊர்தானா?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமா, இந்த ஊர்தான்" என்றாய். அதற்கு மேல் எனக்கு அங்கே என்ன வேலை? கிடைத்த முதல் பேருந்தைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். "வா" என்று சொல்லத்தான் வந்தேன். சொல்லவில்லை.

உன் கடைக்காரன்


ஏப்ரல் 11

அன்புள்ள அத்தானுக்கு,

தொப்பி எதற்கு? அப்படி ஒரு காலரை வேறு எவரும் தைப்பதில்லை. நீங்கள் வந்து நின்ற மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அன்றைக்குப் பேசியதெல்லாம் உங்களுக்காகத்தான். நீங்களாக முன்னால் வந்து ஏதாவது கேட்பீர்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் அதிகமாகவே நின்றேன்.

"ஆமா" என்றது உண்மை. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்த அம்மா அடுத்ததாகவும் ஒன்று கேட்டார். அதற்குள் நீங்கள் நடையைக் கட்டிவிட்டீர்கள்.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"தையல்கடை வச்சிருக்காரு. இங்கதான் வந்திருக்காரு. அதோ போறாரே, அவர்தான்."

கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ கைகூடத் தட்டிக் கூப்பிட்டார்கள். நீங்கள் திரும்பவில்லை. ஓடிவந்திருக்கலாம். எப்போதும் ஓடிவருகிறவள்தான் நான். அன்றைக்கு அத்தனை பேரையும் நடுவழியில் விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. அவர்களை மேலே கூட்டிப்போனேன். உங்கள் பேருந்து வளைவில் திரும்பும் வரை அங்கிருந்து தெரிந்தது.

மறுநாள் காலையில் போய்த் தகவல் அறைச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

இனி வருவதாக இருந்தால் கூட்டத்தோடு வராதீர்கள்.

சின்னு