இலைத் தூள்தானே என்று சொன்னேன்

என் செல்லத் தங்கச்சி சாந்திக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. மஹய்யாவ வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். மச்சான் காலையில் தானே சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். உன் மகள் தர்ஷினிக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. உன்னைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டுதான் எழுதுகிறாள்.

நான் கடையில்தான் இருக்கிறேன். நேற்றுக்கூட ஒரு அம்மா வந்து முருங்கை இலைத் தூள் கேட்டார். உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறதாம், இரும்புச் சத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். முன்பென்றால் கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசியிருப்பேன். நேற்றோ பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன்.

நான் அதை நம்பித்தான் விற்றேன், உனக்குத் தெரியும். நம்ம ஊர் மழைக்கும் குளிருக்கும் முருங்கை செழிப்பதில்லை என்று மாத்தளைப் பக்கமிருந்து இலை எடுப்பித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, நானே அரைத்தேன். ரொட்டி மாவில் ஒரு கரண்டி, பருப்பு இறக்கும்போது ஒரு கரண்டி. பச்சை இலை கிடைத்த நாளில் நீ வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டினால் தர்ஷினி இரண்டாம் தடவையும் சோறு கேட்பாள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் இலையில் இருக்கிற இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, தேசிக்காய் பிழிந்தால் நன்றாகச் சேரும் என்று எனக்குச் சொன்னதே நீதான். விஞ்ஞான டீச்சர் ஆச்சே. அதைத்தான் நான் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கலஹாவில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற பாதையில் நீ இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாய் என்று கூட வேலை செய்கிற டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டதற்கு, வயசாகுதுல்ல என்று சிரித்தாய். நாற்பத்து மூன்று ஒரு வயசா? முகம் வெளிறிப் போயிருந்தது. இரத்தம் குறைவு, வேறென்ன என்று நானே முடிவு கட்டினேன். ஒரு டின் நிறையத் தூளைக் கொடுத்து, தினமும் காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி கலக்கிக் குடிக்கச் சொன்னேன்.

மூன்று வாரத்தில் உன் முகத்தில் களை வந்த மாதிரி இருந்தது. வந்ததா, வரவேண்டும் என்று பார்த்த என் கண்ணுக்கு அப்படித் தெரிந்ததா?

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ கடைக்கு வந்தாய். ஆட்கள் போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னாய்.

"அண்ணே, வெளிய போறது கறுப்பாப் போகுது. ஒரு மாதிரியா இருக்கு."

நான் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இலைத் தூள்தானே சாந்தி, அப்படித்தான் போகும். அரைக் கரண்டியாக் குறைச்சுக்க."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாய். இத்தனை பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் படித்துக் கொடுத்தவள், நான் சொன்னதை ஏன் அப்படியே நம்பினாய்? நம்பினாயா, இல்லை, உனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்ததா?

நாலு மாதம் கழித்து வகுப்பில் மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா கேள்வி கேட்கக் கேட்க, எப்போதிருந்து கறுப்பாகப் போகிறது என்று நீ சொன்னாய். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. குடலில் புற்றுநோய், அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் ஈரல்வரை பரவியிருந்தது.

நான் வெளியே வைத்து டொக்டரம்மாவிடம் தூளைப் பற்றிக் கேட்டேன். அது நல்ல சாப்பாடு, நோயை அது கொண்டுவரவில்லை, ஆனால் இரத்தம் ஏன் குறைகிறது என்று அது காட்டித் தராதே என்றார். முதல் தடவை நீ சொன்னபோதே கூட்டி வந்திருந்தால்? அதைச் சொல்ல முடியாது, வந்திருந்தால் அப்போதே பார்த்திருப்போம் என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்துவிட்டாயா சாந்தி? இல்லை, அண்ணன் மனசு நோகும் என்று விட்டுவிட்டாயா? கடைசி வாரத்தில் முருங்கை இலைக் கஞ்சி கேட்டாய். இரண்டு வாய் குடித்துவிட்டு உப்புக் குறைவு என்றாய். நான் ஓடிப் போய் உப்புப் போட்டுக் கொண்டுவருவதற்குள் தூங்கிவிட்டாய்.

போன மாதம் தர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தலை சுத்துது மாமா என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடையை அப்படியே மூடிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் இரும்புச் சத்துக் குறைவுதான். விசாரித்துப் பார்த்துவிட்டு, இந்த வயசில் மாதவிலக்கு அதிகமாக இருந்தால் இப்படி வரும், வேறு பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். கீரையும் சாப்பிடட்டும், மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம் பார்க்கவேண்டும் என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்.

"மாமா, அம்மாவையும் இப்படி உடனே கூட்டிட்டுப் போனீங்களா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. பின்னேரத்தில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம், இதோ கேட்கப்போகிறாள் என்று கணக்குப் புத்தகத்தை இழுத்துக் குனிந்துகொள்கிறேன்.

இனிமேல் தூள் கேட்டு வருகிறவர்களிடம், இரத்தம் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்காமல் கொடுக்கமாட்டேன். அது சின்ன விஷயம். மற்றதுதான் எனக்குப் பயம். உன் திவசம் முடிந்ததும் தர்ஷினியை உட்காரவைத்து, அன்றைக்கு நீ சொன்னதையும் நான் சொன்ன பதிலையும் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசாமல் இருந்தாலும் இருப்பாள். அப்படி இருந்தாலும், அடுத்த தடவை இரத்தம் பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்ன
உன் அண்ணன்