ட்ரிக்கரில் ஒரு ரப்பர் பேண்ட்

ஞாயிறு, மதியம்

கடலில் எந்த மூலையில் இருந்தாலும் நல்லபடியாக இருக்கவேண்டிய என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கடிதத்தை இப்படியா ஆரம்பிப்பாள் என்று திட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை உங்கள் கம்பெனி ஆபீஸில் கப்பலுக்குத் தபால் கட்டுவார்கள். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக எழுதிவைக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு நேற்று அடிபட்டுவிட்டது. மாமாவின் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. அதைக்கூட விடுங்கள், விழுந்த வேகத்தில் பின்மண்டை சிமெண்ட் விளிம்பில் மோதி, உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கிறதாம். எவ்வளவு என்று கேட்டதற்குப் பெரிய டாக்டர் தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். அப்போதிலிருந்து யாருடைய கட்டைவிரலைப் பார்த்தாலும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடி படம் எடுப்பார்கள். வளராமல் இருந்தால் காலுக்கு மட்டும் ஆபரேஷன். வளர்ந்திருந்தால் தலையைத் திறக்கவேண்டும்.

எல்லாம் நம் வண்டியால் வந்தது. நீங்கள் கிளம்பும்போது சமையலறை மேசையில் உதிரியாகக் கிடந்ததே, ரிமோட்டில் ஓடும் அந்தச் சின்ன ரேஸ் டிரக்கை நான் பூட்டி முடித்துவிட்டேன். கடையில் நாள் முழுக்க போன் பிரிக்கிறவளுக்கு இது பெரிய வேலையா? நாலு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் ஊற்றி, குமிழி எல்லாம் அடங்கும்வரை காத்திருந்து மூடினேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால் முதலில் வளைவில் வால் ஆட்டிக்கொண்டே இருந்தது. சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலில் முன்னால் கெட்டி எண்ணெயும் பின்னால் இளகின எண்ணெயுமாக மாற்றியதும் ஒழுங்காகத் திரும்பியது. மேட்டில் ஏறிக் குதித்தால் நாலு டயரும் ஒன்றாகத் தரையில் இறங்கும். நீங்கள் பார்த்திருந்தால் என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பீர்கள்.

வேலைப் பங்கீடு உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பூட்டுவேன், உங்கள் தங்கை ஓட்டுவாள். மாமா ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு ரேஸ் மைதானத்தின் வளைவில் நின்று, கவிழ்கிற வண்டிகளை நிமிர்த்திவிடுவார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு, கவிழ்ந்த வண்டியைக் கையால் தூக்கி வைக்கமுடிகிறதே என்று ஒரே பெருமை.

நேற்றுப் பயிற்சி முடிந்து வண்டி மேட்டின் அடியில் நின்றது. எடுத்துவர மாமா குனிந்தார். அதற்குள் உங்கள் தங்கை, நம் அவசரக்குடுக்கை, ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் இருந்தபடி ரிமோட்டை அணைத்துவிட்டாள். அவ்வளவுதான், நாலு கிலோ வண்டி முழு வேகத்தில் பாய்ந்து அவர் காலில் இடித்தது. முதலில் வண்டியை அணை, அப்புறம்தான் ரிமோட்டை என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. கிளம்பும் முன் நானே எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் எடுத்துப்போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

செவ்வாய், சாயங்காலம்

முதலில் நல்ல செய்தி. ரத்தக்கட்டு வளரவில்லை. டாக்டரை அதையே இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மாமாவுக்குப் பேச்சு கொஞ்சம் குழறுகிறது, ஆனால் ஆளை அடையாளம் தெரிகிறது. அவசரக்குடுக்கை எங்கே என்று என்னைத்தான் கேட்டார்.

அவள் வார்டுக்கு உள்ளே வரமாட்டேன் என்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சனிக்கிழமையிலிருந்து தண்ணீரும் பிஸ்கட்டும்தான். வருகிற திங்கட்கிழமை சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டும் வேலையில் சேரவேண்டியவள் இல்லையா? எத்தனை பேரைத் தள்ளிவிட்டு அவளை எடுத்தார்கள்! அதுவும் ரிமோட்டில் ஓட்டுகிற கிரேன். கீழே ஆளுங்க நடமாடுவாங்க, அண்ணி, என் கையில் எதையும் நம்பிக் கொடுக்காதீங்க என்கிறாள். வேலை வேண்டாம் என்று கிடங்குக்கு எழுதி, கவரில் போட்டு, டிவி மேல் வைத்திருக்கிறாள். ஒட்டவில்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

இன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது வண்டியைப் பலகை மேல் தூக்கிவைத்தேன், சக்கரம் தரையில் படாதபடி. ரிமோட்டைப் போட்டேன், வண்டியைப் போட்டேன். பிறகு ரிமோட்டை மட்டும் அணைத்தேன். நின்றுபோகவேண்டிய சக்கரங்கள் நாலும் அலறிக்கொண்டு சுற்றின. மேசையே அதிர்ந்தது. பேட்டரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுப்படி மூலையில் போய் நின்றுகொண்டேன். மனசு கேட்காமல் இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அதே அலறல்.

எப்படி என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்கிறேன். போன வாரம், வண்டிக்குள் சிக்னல் வாங்கும் பழைய ரிசீவர் பழுதாகிப் புதிதாக ஒன்று மாட்டினேன். புது ரிசீவரை ரிமோட்டோடு ஜோடி சேர்க்கும் நேரத்தில், வேகத்துக்காக விரலால் அழுத்தும் ட்ரிக்கர் எந்த நிலையில் இருக்கிறதோ, அதை அது மனசில் வைத்துக்கொள்ளும். சிக்னல் அறுந்தால் அந்த நிலைக்குத்தான் வண்டியை அனுப்பும். ட்ரிக்கர் சும்மா இருந்தால் வண்டி நிற்கும். அதற்கு முன்புதான் டிஃபரன்ஷியல் பழகட்டும் என்று ட்ரிக்கரை அழுத்தி ரப்பர் பேண்ட் சுற்றி, சக்கரத்தைச் சும்மா ஓடவிட்டிருந்தேன். ஜோடி சேர்க்கும்போது தப்பித்தவறிக்கூட ஓடிவிடக் கூடாதே என்று மோட்டார் ஒயரைக் கழற்றி வைத்தேன். பாருங்கள் என் ஜாக்கிரதையை! ஒயர் மாட்டியிருந்தால் சக்கரம் சுற்றி அப்போதே காட்டிக்கொடுத்திருக்கும். ரப்பர் பேண்டை எடுக்க மறந்தது எனக்குத் தெரியவே இல்லை. வேலை முடிந்த பிறகு எடுத்து டப்பாவில் போட்டேன்.

மேலே நானே சோதித்தேன் என்று எழுதியிருக்கிறேனே, அது பொய். சனிக்கிழமை கிளம்பும் அவசரத்தில் அந்த ஒரு சோதனையைச் செய்யவில்லை. அவசரம் அவளுடையது இல்லை, என்னுடையது. வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்றும் செய்தேன். ட்ரிக்கரைத் தொடாமல், மறுபடி ஜோடி சேர்த்துவிட்டேன். பயத்தில்தான் செய்தேன். இப்போது ரிமோட்டை அணைத்தால் வண்டி பசு மாதிரி நிற்கிறது.

புதன்

மைதானக்காரர் காலையில் வந்தார். அங்கே அடிபட்டதால் அவர் விசாரித்தாக வேண்டும். சமையலறை மேசையிலேயே வண்டியைப் பலகையில் வைத்து, ரிமோட்டை அணைத்துப் பார்த்தார். சக்கரம் நின்றது. இன்னும் நாலைந்து முறை பார்த்தார். உங்க வேலை சுத்தம்மா என்று என்னைப் பாராட்டினார். நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பிறகு அவர் சொன்னதைக் கேளுங்கள். அணைத்ததால் இந்த வண்டி ஓடியிருக்காது, அணைக்கும்போது பெண்ணின் விரல் ட்ரிக்கரை அழுத்தியிருக்கிறது, அதுதான் விஷயம் என்று சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ரிமோட்டைப் பிடிக்கிற மாதிரி வெறுங்கையை வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். அண்ணி, நான் அழுத்தினேனா என்று கேட்டாள். ஞாபகம் இல்லையே, அழுத்தியிருப்பேனோ, அப்பா குனிஞ்சிருக்கும்போது அழுத்தியிருப்பேனோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தெரியலையேம்மா என்றேன். கடவுளே, என் வாயாலேயே அப்படிச் சொன்னேன்.

வியாழன், காலை

இப்போது நடந்ததைச் சொல்ல மிச்சம் இருப்பது என் வாய் ஒன்றுதான். வண்டி சொல்லாது, நான்தான் அதன் வாயை அடைத்துவிட்டேனே. நான் சொன்னாலும் நம்புவார்களா, அவளைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்பார்களா? அந்த நினைப்பு வந்ததும், அடி பாவி, அதிலும் உனக்கு நல்ல பேர் தேடுகிறாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. நாளை மாமாவின் கால் ஆபரேஷனுக்குப் பயம். கண் முழித்து அவர் என்னைப் பார்க்கும் பார்வைக்குப் பயம். மருமகளே, உன் கை பட்டால் எதுவும் ஓடும் என்பாரே, இனி என்ன சொல்வார்? நீங்கள் இதைப் படித்துவிட்டு வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் மூன்று நிமிஷ போனில் பேசாமலே இருந்துவிடுவீர்களோ என்று பயம். எல்லாவற்றையும்விட அந்த விரலுக்குத்தான் பயம். இன்று காலையும் பல் தேய்க்கும்போது மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டால் ஆயுசு முழுக்க மடக்கிக்கொண்டிருப்பாள்.

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முயன்றேன். இரண்டு தடவை வாயைத் திறந்து, கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டுவிட்டு வந்தேன். அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். உங்களுக்கு முன்னால் அவள் படிப்பதுதான் நியாயம். மைதானக்காரரிடம் சாயங்காலம் நானே போய்ச் சொல்கிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை லைன் கிடைத்தால் என்னைக் கூப்பிடவேண்டாம். மூன்று நிமிஷத்தையும் அவளுக்கே கொடுங்கள். என்னைத் திட்ட ஊருக்கு வந்த பிறகு நாள் இருக்கிறது. கடலில் பத்திரமாக இருங்கள், காற்று அடித்தால் மேல்தளத்துக்குப் போகாதீர்கள்.

உங்கள் வீட்டில் இருக்க இன்னும் உரிமை உண்டா என்று தெரியாமல் இருக்கும்,
உங்கள் மனைவி

அண்ணா,

மூணு தடவை படிச்சேன். நான் அழுத்தலை. நான் அழுத்தலை அண்ணா.

இப்பவே கிளம்பி அப்பாவைப் பாக்கப் போறேன். உள்ள போய்ப் பாக்கப் போறேன். திங்கட்கிழமை வேலைக்கும் போறேன், டிவி மேல இருந்ததைக் கிழிச்சாச்சு.

அண்ணி வாசப்படியில உக்காந்திருக்காங்க. உள்ள வாங்கன்னு கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரலை. வரும்னு நினைக்கிறேன். நீங்க எதுவும் கோவமா எழுதிடாதீங்க.