அந்தச் சான்றிதழ் இனி வேண்டாமாம்

மத்திகிரி

அன்புள்ள ஸ்ரீராம் தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் செய்தால் டியூட்டி என்று வைத்துவிடுகிறாய், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வினோதாவின் வீட்டுக்காரர் அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தால் முழுசாகப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் தடுப்பூசிச் சான்றிதழை இணையத்தில் ஏற்றுகிற அந்த முறையை அரசாங்கம் எடுத்துவிட்டதாம். டிவியில் சொன்னபோது அப்பா ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிவியை அணைத்தார், பாதியில் கையைக் கழுவிவிட்டார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடும் சான்றிதழில் உன் பெயர் மட்டுமாகவும் இருக்கிறது என்று அந்த இணையதளம் உன்னைத் திரும்பத் திரும்பத் தள்ளியது, ஆவணியில் உன் தங்கை கவிப்ரியா கல்யாணத்துக்கு நீ எடுத்த டிக்கெட்டும் வீணானது. "கொஞ்ச நாள் தள்ளி வெச்சுக்கோம்மா, பேரைத் திருத்தி வாங்கிட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினாய். மாப்பிள்ளை வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நாங்களாகவே முடிவுகட்டிவிட்டோம். லாக்டவுனில் தேதியைத் தள்ளிப் போட்டுத்தானே அவளுக்கு முதலில் பேசிய சாமல்பட்டிச் சம்பந்தம் கைவிட்டுப் போனது, அந்தப் பயம். மணமேடையில் அண்ணன் முறைக்கு அவள் கையில் பொரி போட, உனக்குப் பதில் உன் சித்தப்பா மகன் ராஜசேகரைக் கூப்பிட்டோம். கவிப்ரியா கையை நீட்டவே இல்லை. நான்தான் அதட்டினேன்.

மனசு கேட்காமல் நேற்று அஞ்செட்டிக்கு பஸ் ஏறி அவள் மாமியார் வீட்டுக்குப் போனேன். இந்தக் கார்த்திகையில் தாலி பிரித்துக் கோர்க்க வேண்டுமே, நீ வரும்வரை பொறுக்க முடியுமா என்று சம்பந்தியம்மா சாந்தம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர்களுடைய கன்னடம் கலந்த பேச்சில், "இதுக்கா அக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? பையன் வரட்டும், அப்பறம் நாள் பாக்கலாம். கல்யாணத்தப்பவே ஒந்து மாத்து சொல்லியிருந்தா நாங்க காத்திருக்க மாட்டமா?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை தம்பி. அந்த ஒந்து மாத்து, ஒரே ஒரு வார்த்தை, கேட்டிருந்தால் போதும். சான்றிதழ் உன்னைத் தடுத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், தடுத்தது அது மட்டுமில்லை.

திரும்பும்போது கவிப்ரியா பஸ் நிறுத்தம் வரை வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் சரியாகவே பேசாதவள், "அண்ணன்கிட்ட இதைச் சொல்லுவியா, மறைச்சிடுவியா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் சொன்னேன், "எனக்கும் சேர்த்து எழுது" என்று மட்டும் சொன்னார்.

உன் கோபம் நியாயம். உடனே ஆற வேண்டும் என்று கேட்கவில்லை. வெயிலில் வேலை பார்க்கிற உடம்பு, வயிற்றைக் காயப்போடாதே. ஓசூரில் இப்போது பனி அதிகம், வரும்போது ஸ்வெட்டர் எடுத்து வா. பெயர் திருத்தும் வேலையைப் பாதியில் விட்டுவிடாதே, நாளைக்கு வேறு எதற்காவது கேட்பார்கள்.

நோய் நொடி அண்டாமல், மனசு நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். தாலி கோர்க்க இன்னும் நாள் குறிக்கவில்லை. நீ லீவு எப்போது என்று சொன்ன பிறகுதான் இரண்டு வீட்டிலும் காலண்டரைப் பார்ப்போம்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்
அம்மா மணிமேகலை