பத்து வாக்கியங்கள்

ஜூலை 9, 1973
காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. பள்ளிக்குப் பத்து நிமிஷம் தாமதம். இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு பி பிரிவு எனக்கு. நாற்பத்தெட்டுக் குழந்தைகள், அதில் ஒருத்தி என் நீரஜா. சொந்தப் பெண்ணுக்குச் சலுகை காட்டுவதாகப் பேச்சு வரக்கூடாது என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் பங்கஜம். வராது என்றேன்.

ஜூலை 19
கட்டுரை நோட்டுகளை வீட்டில் வைத்துத் திருத்தினேன். தலைப்பு ‘எங்கள் வீடு’. கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட பத்து வாக்கியங்களை மனப்பாடமாக எழுத வேண்டும். நாற்பத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். நீரஜா எழுதியது: ‘எங்கள் மாடிக்குப் பதினாலு படி. ஏழாவது படி மட்டும் சோம்பேறி. மிதித்தால் முனகும்.’ வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
பிறகுதான் நினைவு வந்தது, நாளைக்குப் பங்கஜம் நோட்டுகளைப் பார்ப்பார். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன்.

ஜூலை 20
வகுப்பில் அதை உரக்கப் படித்துக் காட்டினேன். படி சோம்பேறியாக இருக்குமா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீரஜாவை அந்தப் பத்து வாக்கியங்களையும் ஐந்து தடவை எழுத வைத்தேன்.
சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: “நேத்திக்கு ஆத்துல படிச்சுட்டு நீ சிரிச்சியேம்மா. நன்னாயிருக்குன்னுதானே சிரிச்சே?”
பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 3
நீரஜா இன்றும் ஒன்றுமே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17
பத்து வாக்கியமும் பிழையில்லாமல் எழுதுகிறாள். பங்கஜம் அவள் நோட்டை மற்ற வகுப்புகளுக்குக் காட்டினார். “குழந்தை சமத்தாயிட்டா. நீ எதுக்கு அழறே?” என்கிறார் என் ஆத்துக்காரர். எப்படிச் சொல்வேன்?

ஆகஸ்ட் 28
நீரஜாவுக்கு ஒரு வாரமாகத் தினமும் காலையில் வாந்தி. டாக்டரிடம் கூட்டிப் போனேன். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டதும் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்: “என்ன சொல்லணும்மா?”
பெருமாளே. நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

செப்டம்பர் 9
புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். எது வேணுமானாலும் எழுதுடி, யாரும் திருத்த மாட்டார்கள் என்றேன். அரைமணி உட்கார்ந்திருந்தாள். ‘எங்கள் வீடு அழகானது. எங்கள் வீட்டில் நான்கு அறைகள் உள்ளன.’ அதே பத்து. அடித்துவிட்டேன். உன் மனசிலிருந்து எழுதுடீன்னு அடிச்சேன். அவள் அழக்கூட இல்லை. நான்தான் அழுதேன்.

செப்டம்பர் 12
பங்கஜத்திடம் போனேன். குழந்தைகள் சொந்தமாக எழுதட்டும் என்று கேட்டேன்.
“நாப்பத்தெட்டும் நாப்பத்தெட்டு மாதிரி எழுதினா யாரு திருத்தறது, கோமளம்?”
நான் திருத்துகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மணியைத் தட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

செப்டம்பர் 14
வகுப்பின் முன் நின்று சொன்னேன். நீரஜா எழுதினது நன்றாயிருந்தது, தப்பு என் பேரில் என்று. நாற்பத்தேழு முகம் என்னைப் பார்த்தது. அவள் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் விஷயம் பங்கஜத்திடம் போய், எனக்கு மெமோ வந்தது. வரட்டும்.

செப்டம்பர் 24
நீரஜாவை ஏ பிரிவுக்கு மாற்றிவிட்டேன். ஜமீலுன்னிசா டீச்சரின் வகுப்பு. திருவல்லிக்கேணியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். தையல் வகுப்பில் குழந்தைகளைக் கதை சொல்ல விடுவாராம். என்னிடமிருந்து என் பெண்ணைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

அக்டோபர் 30
வாந்தி நின்று பத்து நாளாகிறது. அடித்த நாளிலிருந்து நின்ற பேச்சு இன்னும் வரவில்லை, என்னிடம்.

டிசம்பர் 6
ஆசிரியர் அறையில் ஜமீலுன்னிசா டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீரஜா தானாகவே ஒரு கதை எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். கையை நீட்டினேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.
“அம்மாவுக்குக் காட்டாதீங்கன்னு சொல்லிச்சு. நானும் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்.”
கையை மடியில் வைத்துக்கொண்டேன். எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்டேன். நாலரை என்றார்.

டிசம்பர் 11
சாயங்காலம் எனக்கு முன்பே வந்து கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். நான் வாசலில் நின்று செருப்பைச் சத்தமாக உதறிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். நோட்டை மூடிவைக்க அவளுக்கு நேரம் வேண்டுமே.